மலை முழுக்கத் தெரிந்த இரகசிய எண்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு நான் நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற பழக்கம் எனக்கு இருந்திருந்தால் எப்போதோ வேறு தொழிலில் முன்னேறியிருப்பேன். ஆகவே நாற்காலியை வசதியாக இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் இன்று மாட்டுகிற பூட்டு, கொழும்பில் ஒருவர் கைபேசியைத் தட்டினால் பதுளையில் கதவைத் திறந்துவிடுகிறது. எங்கள் காலத்துப் பூட்டில் பன்னிரண்டு பொத்தான்கள், ஒரு பச்சை விளக்கு, ஒரு சிவப்பு விளக்கு, கோபம் வந்தால் கீச்சென்று கத்துகிற ஒரு சின்ன ஊதி. அவ்வளவுதான் சாமான். பெட்டியின் மேல் ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் அச்சடித்து வரும். தோட்டத்துச் சனங்கள் அதைப் படித்துக்கொண்டிருக்காமல் ‘நம்பர் பூட்டு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். கொம்பனி வைத்த பெயர் இப்போது எனக்கே ஞாபகமில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு துணிக்கடையின் மாடியில் எங்கள் கடை இருந்தது. கீழே சீத்தைத் துணி வாசனை, பக்கத்தில் அப்பக்கடைப் புகை. மாடியில் நானும் என் கையேடுகளும். கையில் கிடைத்ததையெல்லாம் வாசிக்கிற நோய் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. பூட்டுக் கையேட்டையும் நாவல் மாதிரித்தான் வாசிப்பேன். கதாபாத்திரங்கள் குறைவு, ஆனால் எட்டாம் பக்கத்தில் சொன்னதைப் பன்னிரண்டாம் பக்கத்தில் மறுப்பார்கள். நல்ல விறுவிறுப்பு.

காலையில் பசறை பஸ்ஸில் ஏறினால், கருவிப் பெட்டிக்கும் சேர்த்து டிக்கெட் போடுகிற ஒரு நடத்துநர் இருந்தார். “பெட்டி ஒக்காந்திருக்கு, நீங்க நிக்கிறீங்க. யாருக்குண்ணே அரை டிக்கெட்டு?” என்று கேட்பார். நமுனுகுல பக்கம் பனி விலகும்போது தேயிலை மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வரும். அந்த நேரத்தில் எந்த வாடிக்கையாளரும் எனக்குப் பணம் தராமல் ஏமாற்றியதாக ஞாபகம் வந்ததில்லை. அப்படி ஒரு காலைநேரம்.

ஆனால் அது வேறு மாதிரியான காலமும்கூட. நாட்டில் யுத்தம். ஒரு தமிழன் கையில் வயர்ச் சுருளும் பெட்டரியும் சிவப்பு விளக்கு வைத்த பெட்டியுமாகச் சோதனைச் சாவடியில் இறங்கி நிற்பதைக் கற்பனை செய்துபாருங்கள். பையைத் திறந்து காட்டியதும் சிப்பாய்கள் இரண்டடி பின்னால் போவார்கள். நான் பொத்தானை அமுக்கிக் காட்டுவேன். பச்சை எரிந்தால் அவர்கள் சிரிப்பார்கள். அவர்கள் சிரித்த பிறகு நான் சிரிப்பேன். வரிசையை மாற்றிவிடக் கூடாது.

இந்தத் தொழிலில் நான் முதலில் கற்றது, பூட்டுக்கும் கையேட்டுக்கும் நடுவில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை. ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பொதி அறைக்குப் பூட்டுப் போட்டேன். உள்ளே போகிற ஒவ்வொருவருக்கும் தனித்தனி எண். “உங்களுக்கு மறக்காத நம்பரா, வேற யாருக்கும் தெரியாத நம்பரா வெச்சுக்குங்க” என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் ஒவ்வொருவரும் தோட்டத்துப் பெயர்ப்பதிவிலுள்ள தங்களுடைய செக்ரோல் நம்பரையே வைத்திருக்கிறார்கள். தினமும் விடிந்ததும் பெரட்டுக் களத்தில் தோட்டம் முழுக்கக் கூடி நிற்கும்போது, கணக்கப்பிள்ளை தொண்டை கிழியக் கத்திக் கூப்பிடுகிற நம்பர் அது! ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். “நீங்கதானே அண்ணே மறக்காத நம்பரு வெக்கச் சொன்னீங்க?” என்றார்கள். சொற்பொழிவின் முதல் பாதி மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது. சொற்பொழிவுகளின் தலைவிதி அது. இப்போது நான் பேசிக்கொண்டிருப்பதற்கும் அதே கதிதான் என்று தெரிந்துகொண்டே பேசுகிறேன்.

சரி, உங்களுக்குச் சொல்ல வந்த கதை இதில்லை.

பசறைக்கு அப்பால் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரி. வெள்ளைக்காரன் காலத்துக் கல்கட்டடம், ஒரு வார்டு, ஒரு விறாந்தை, விறாந்தையின் கோடியில் மருந்தறை. அங்கே மருந்து காணாமல் போய்க்கொண்டிருந்ததால் நம்பர் பூட்டுப் போட வேண்டுமென்று தோட்டத்துத் தொரை சொல்லியனுப்பினார். மின்சாரம் போனாலும் திறக்காத பூட்டு. பலாமரக் கதவு, அதன் மேல் இரும்புத் தகடு. கட்டுப்பாட்டுப் பெட்டி அறைக்கு உள்ளே, யாரும் வெளியிலிருந்து வயரைத் தொட முடியாதபடி. மூன்று தடவை பிழையான எண்ணை அடித்தால் அதன் பிறகு அரை மணி நேரம் சரியான எண்ணுக்குக்கூடத் திறக்காது. இதையெல்லாம் நான் தொரையின் முன்னால் பாராயணம் செய்தபோது என் குரலே எனக்குப் பிடித்திருந்தது.

எண் யாருக்குத் தெரிய வேண்டும் என்ற கேள்வி வந்தது. குறைந்தது இரண்டு பேர் என்றேன். ஆஸ்பத்திரியின் டிஸ்பென்சர் ஐயா ஒத்துக்கொள்ளவில்லை. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். மாற்றலாகி வந்த முதல் நாளே மழை விட்டதும் ஊருக்குப் போய்விடுவேன் என்று சொன்னாராம். மழை விடவில்லை, அவர் தலைமயிர் நரைத்துவிட்டது. தோட்டத்து வைத்தியம் முழுக்க அவர் தோளில்தான்.

“தம்பி, ஒரு ஆளுக்குத் தெரிஞ்சா அது ரகசியம். ரெண்டு பேருக்குத் தெரிஞ்சா அது செய்தி. எனக்கு மட்டும் காட்டித்தாரும்” என்றார்.

காட்டிக்கொடுத்தேன். எண்ணை மாற்றும் முறையையும், அதற்கான தலைமை எண்ணையும் கற்றுக்கொண்டு, என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் தானே மாற்றிக்கொண்டார். ஒரு வாடிக்கையாளர் செய்ய வேண்டியது அதுதான். என் வாழ்க்கையில் கையேட்டை முழுதாக மதித்த ஒரே வாடிக்கையாளர் அவர்.

சில மாதங்கள் கழித்துப் பெட்டரி மாற்றப் போயிருந்தேன். ஐயா மருந்தறையைத் திறந்துவிட்டார். வேலை முடிந்ததும் கதவை இழுத்துப் பூட்டி, இழுத்துப் பார்த்து, இன்னொரு தடவை இழுத்துப் பார்த்து, தோட்டத்து லொறியில் ஏறி மருந்து வாங்கப் பதுளைக்குப் போனார். எனக்குப் பஸ் மத்தியானம்தான். ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கிற அம்மாவை எல்லோரும் மிசி என்பார்கள். தோட்டத்திலேயே பிறந்தவர், நாக்கில் கொஞ்சம் மிளகாய்த்தூள். அவர் எனக்கொரு கோப்பை பிளேன்டீ கொடுத்து, “இந்தப் பூட்டு வந்ததுலேர்ந்து ஒரு பெனடோல் குடுக்கக்கூட ஐயா வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டிருக்கு. நல்லா சம்பாதிக்கிறீங்க” என்று உபசரித்தார்.

தேநீர் பாதி இருக்கும்போது மேலே மலையில் சத்தம் கேட்டது. கொழுந்து பறிக்கிற பெண்கள் ஒரே நேரத்தில் அலறினால் அதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். குளவி.

கொஞ்ச நேரத்தில் கங்காணியும் இன்னும் இரண்டு பேரும் ஒரு பெண்ணைப் படங்குச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். பெயர் பாக்கியம். முகம் வீங்கி, கண் இருந்த இடம் தெரியவில்லை. மூச்சை இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். கொட்டு வாங்கிய மற்றவர்கள் பின்னால் அழுதுகொண்டு வந்தார்கள். அவர்களுக்கு ஆபத்தில்லை என்று மிசி ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். பாக்கியத்தின் பக்கத்தில் முழங்காலில் உட்கார்ந்தவர் நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

“ஊசி போடணும். இப்பவே போடணும்.”

“போடுங்க மிசி!” என்றார் கங்காணி.

“ஊசி உள்ள இருக்கு. தொறக்குற நம்பரு ஐயாவோட மண்டைக்குள்ள இருக்கு. மண்ட பதுளையில இருக்கு.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பூட்டைப் போட்டவன் திறக்க மாட்டானா? மாட்டான். நன்றாகப் போட்டிருந்தான். வெளியிலிருந்து தொடக்கூடிய ஒரு வயர்கூட இல்லை. மின்சாரத்தை நிறுத்தினால், காலையில் நானே மாட்டிய புத்தம்புதிய பெட்டரி இரண்டு நாள் தாங்கும்.

கங்காணி பாக்கியத்தின் அக்காள் மாரியாயியை மேலே தோட்டத்து அலுவலகமான கந்தோருக்கு விரட்டினார். தோட்டத்தில் தொலைபேசி அங்கே மட்டும்தான். ஐயா வழக்கமாக மருந்து வாங்குகிற கடைக்குப் பேசச் சொல்லி அனுப்பினார். பிறகு அவரே கடப்பாரை மாதிரி ஓர் அலவாங்கை எடுத்து வந்து கதவை நெம்பத் தொடங்கினார். ‘உடையுங்கள்’ என்றேன். நான் போட்ட இரும்புத் தகட்டில் அலவாங்கு சறுக்கிச் சறுக்கி விழுந்தது.

இதற்கிடையில் மிசி பொத்தான்களைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்.

“என்ன நம்பர் அடிக்கிறீங்க?”

“போன மாசத்து நம்பரு.”

“அது எப்படி உங்களுக்குத் தெரியும்?”

“அடிக்கும்போது வாய்க்குள்ள சொல்லிக்கிட்டே அடிப்பாரு. இந்த மாசம்தான் ரொம்ப மெதுவா சொல்றாரு.”

சிவப்பு. கை தவறியிருக்கும் என்று மறுபடி அடித்தார். சிவப்பு. மூன்றாவது தடவைக்கு விரலை நீட்டியபோது நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“இன்னும் ஒரு தடவ தப்பானா அரை மணித்தியாலத்துக்கு எந்த நம்பருக்கும் தொறக்காது, மிசி.”

“யாரு அப்படிச் செஞ்சது?”

“நான்தான். அது... அது ஒரு வசதி.”

“வசதியா!” என்றார். அந்த ஒரு சொல்லுக்கு இணையான திறனாய்வை நான் அதற்குப் பிறகு எங்கும் படித்ததில்லை.

அப்போதுதான் மலையிலிருந்து குரல் வந்தது. கந்தோரிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பாதை பாம்பு மாதிரி வளைந்து வளைந்து வரும், ஓடினாலும் நேரமெடுக்கும். ஆகவே தோட்டத்தில் அவசரச் செய்தி எப்போதும் போகிற வழியில் இதுவும் வந்தது. கந்தோர் கிளார்க் தொலைபேசியில் கேட்டதை ஜன்னல் வழியாகச் சொல்ல, மாரியாயி பாறை விளிம்பில் நின்று கத்தினாள். நடுமலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் அதை வாங்கி அடுத்த நிரைக்குக் கத்தினார்கள். நிரை நிரையாக இறங்கிக் கடைசியில் ஆஸ்பத்திரிப் படலை வாசலில் நின்றவளின் வாயில் வந்து சேர்ந்தது.

“ஏழு... மூணு... ஒம்போது... ரெண்டு...”

“அடிங்க!” என்றார் மிசி.

என் விரல் பொத்தானுக்கு மேல் நின்றது. காற்று வீசிக்கொண்டிருந்தது. அத்தனை வாய்கள் தாண்டி வந்த எண். ஒரே ஒரு முயற்சிதான் மீதி. பிழையானால் அந்த அரை மணியில் பாக்கியம் இருக்க மாட்டாள்.

“திருப்பி மேல கேக்கச் சொல்லுங்க” என்றேன். “இதே நம்பர்தானான்னு.”

“இவ மூச்சு நிக்கப் போவுது, நீங்க பரீட்ச வெக்கிறீங்களா?”

“கேளுங்க மிசி!”

படலையில் நின்றவள் மேலே பார்த்துக் கத்தினாள். எண் நிரை நிரையாக ஏறிப் போவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் அதைவிட மெதுவாக எதுவும் மலையேறியதில்லை, எங்கள் பதுளை ரயில் உட்பட. பிறகு உச்சியிலிருந்து ‘ஆமா’ இறங்கத் தொடங்கியது. ஆமா... ஆமா... ஆமா.

அடித்தேன். பச்சை.

மிசி என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். ஊசி போட்டார். பாக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக அந்த விசில் சத்தம் தணிந்தது. கங்காணி அலவாங்கின் மேல் சாய்ந்து நின்று வாய்விட்டு அழுதார்.

இங்கே கதையை முடித்திருந்தால் எனக்கும் ஒரு மாலை போட்டிருப்பார்கள். ஆனால் நான் கையேடு படித்தவன். ‘எண் வெளியே தெரிந்துவிட்டால் உடனே மாற்றவும்’ என்று அதில் தடித்த எழுத்தில் போட்டிருக்கும். அறை திறந்திருந்ததால் உள்ளே இருந்த பெட்டியிலிருந்தே, தலைமை எண் இல்லாமலே, மாற்ற முடிந்தது.

“இப்ப எதுக்கு இது?” என்றார் மிசி.

“மலையே கேட்டுருச்சே மிசி!”

அத்தோடும் விடவில்லை. வெளியே போய்ப் பெண்களைக் கூப்பிட்டு, “இன்னிக்குக் கேட்ட நம்பர எல்லாரும் மறந்துரணும். யாரு கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லணும், சரியா?” என்றேன்.

“சரிங்கண்ணே” என்றார்கள். சொற்பொழிவு இந்த முறை முழுதாகப் போய்ச் சேர்ந்தது.

மத்தியானம் கழிந்த பிறகு லொறி தனியாகத் திரும்பி வந்தது. ஐயா இல்லை. சாரதி இறங்கி வந்தவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“ஐயாவப் பொலிசு கொண்டு போயிருச்சு.”

மருந்துக் கடையில் கூட்டமாம். ஐயாவைத் தொலைபேசிக்குக் கூப்பிட்டார்களாம். லைன் சரியில்லை. “ஐயா கத்துறாரு, கத்துறாரு, அப்படிக் கத்துறாரு. ‘ஏழு, மூண்டு, ஒன்பது, ரெண்டு! பச்சை எரிஞ்ச உடனை இழுத்துத் திறவுங்கோ! சிவப்பு எரிஞ்சா எல்லாம் முடிஞ்சுது! நேரமில்லை, அடியுங்கோ, அடியுங்கோ!’ அப்படின்னு. போன வெச்சுட்டுத் திரும்பிப் பாக்குறாரு, கடையில ஒரு ஆளு இல்ல. குண்டுன்னு நெனச்சு ஓடிருச்சுங்க.”

நீங்கள் அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் இதைக் கேட்டுச் சிரித்திருக்க மாட்டீர்கள். யாழ்ப்பாணத்து அடையாள அட்டையை வைத்துக்கொண்டு பதுளை ரவுணில் பஸ் டிக்கெட்டைக்கூட மெல்லிய குரலில் கேட்ட மனிதர் அவர். அந்தக் கடையில் நின்று தமிழில் எண்களைக் கத்தினால் என்ன நடக்கும் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மெதுவாகச் சொன்னால் மலைக்குக் கேட்காது. கத்தினார். தொழிலில் இக்கட்டான நேரத்தில் எடுக்கிற முடிவு என்று நாங்கள் ஏதேதோ பேசுகிறோம். நான் பார்த்ததில் பெரியது அது.

லொறிக்குப் பின்னாலேயே ஜீப் வந்தது. ஒரு சார்ஜன்ட், தமிழ் தெரிந்த ஒரு கான்ஸ்டபிள். சார்ஜன்ட் வயதானவர், அலுத்த முகம், மரியாதையான சிங்களம். டிஸ்பென்சர் சொல்வது உண்மையானால் அந்த எண்ணுக்கு இந்தக் கதவு திறக்க வேண்டும், பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றார். நியாயமான மனிதர்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே அடித்துவிட்டார். ஏழு, மூன்று, ஒன்பது, இரண்டு.

சிவப்பு.

“எண்ணை மாற்றிவிட்டோம், சேர்” என்றேன்.

“யார் மாற்றியது?”

“நான்.”

“எப்போது?”

“அவர் தொலைபேசியில் சொன்ன பிறகு.”

“ஏன்?”

“எண் எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால், சேர்.”

ஒரு முழு உண்மை இவ்வளவு அப்பட்டமான பொய்யாகக் காதில் விழுவதை நான் அன்றுதான் கேட்டேன். பதற்றத்தில் புதிய எண்ணை அடித்துக் கதவைத் திறந்து, உள்ளே ஓடிப்போய்ப் பழைய எண்ணையே மறுபடி போட்டு, வெளியே வந்து அடித்துக் காட்டினேன். பச்சை. பெருமையோடு அவரைப் பார்த்தேன்.

“அப்படியானால் எந்த எண்ணையும் நினைத்த நேரத்தில் இதில் போடலாம்?” என்று கேட்டார்.

“ஆமாம் சேர். அதுதான் இதன் சிறப்பு.”

ஆண்டுக்கணக்கில் வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சொல்லி வாயில் ஊறிய வசனம். தானாக வந்துவிட்டது. சார்ஜன்ட் என் காலடியில் இருந்த பையைப் பார்த்தார். வயர், பெட்டரி, சிவப்பு விளக்கு வைத்த பெட்டி. கான்ஸ்டபிளும் அதைப் பார்த்தார். ஜீப்பில் இன்னொருவருக்கு இடமிருப்பதை நான் பார்த்தேன்.

மிசிதான் குறுக்கே வந்தார். அரைச் சிங்களம், அரைத் தமிழ். “இந்த ஆள நம்ப வேண்டாம் சேர், இவருக்குப் பேசத் தெரியாது. மேல மலையில போய்க் கேளுங்க. அந்த நம்பரு மல முழுக்கக் கேட்டுச்சு. ஒவ்வொருத்தியா, தனித்தனியா கேளுங்க.”

சார்ஜன்டுக்கு அது பிடித்தது. எங்களையும் நடத்திக்கொண்டு மலைக்கு ஏறினார். கான்ஸ்டபிள் முதல் நிரையில் நின்ற பெண்ணிடம் தமிழில் கேட்டார்: “காலையில ஒரு நம்பர் சொன்னாங்களே, என்ன நம்பர்?”

அவள் என்னைப் பார்த்தாள். காக்கிச் சட்டையைப் பார்த்தாள்.

“எந்த நம்பருங்க?”

அடுத்தவள், “எனக்குத் தெரியாதுங்க.” அதற்கடுத்தவள், “நாங்க கொழுந்து பறிச்சுக்கிட்டு இருந்தோம்ங்க.”

நான் சொல்லிக்கொடுத்த பாடம். ஆனால் அது மட்டும் என்றால் பொய். ஒரு மனிதனைப் பொலிஸ் கொண்டுபோனது எந்த எண்ணுக்காகவோ, அந்த எண் எனக்கும் தெரியும் என்று ஜீப்புக்கு முன்னால் நின்று சொல்ல எந்தப் பெண்ணுக்கு வாய் வரும்? வீட்டில் பிள்ளைகள் இருக்கின்றன. “சொல்லுங்கம்மா, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன், சொல்லுங்க” என்று கெஞ்சினேன். சார்ஜன்ட் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். சாட்சிக்கு நானே சொல்லிக்கொடுப்பது போலத்தானே அது? அவர் திரும்பி இறங்கத் தொடங்கினார்.

மாரியாயி கொஞ்சம் தள்ளி நின்றிருந்தாள். தங்கச்சி கீழே வார்டில் கிடக்கிறாள். கூடையை முதுகிலிருந்து இறக்கி வைத்தாள். கந்தோர்ப் பக்கம் ஏறிப் போய், காலையில் நின்ற அதே பாறை விளிம்பில் நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்தாள்.

“ஏழு...!”

சார்ஜன்ட் நின்றார்.

“மூணு... ஒம்போது... ரெண்டு...!”

அவள் குரல் மலையில் இறங்கிப் போய் அடங்கியது. யாரும் வாங்கவில்லை. மாரியாயி அந்த விளிம்பில் தன்னந்தனியாக நின்றாள்.

“நாந்தாங்க கத்துனேன்!” என்று கூவினாள். “என்னைய ஏத்திக்கிட்டுப் போங்க! அய்யாவ விட்ருங்க!”

அப்போது நடுமலையில் ஒரு குரல், நடுங்கிக்கொண்டு. ஏழு... மூணு... அதை அடுத்த நிரை வாங்கியது. அதற்கடுத்த நிரை. ‘எந்த நம்பருங்க’ என்று கேட்டவள் தலையைக் குனிந்தபடியே தன் பங்கைக் கத்தினாள். எங்களைத் தாண்டி, கீழே இறங்கி, கண்ணுக்குத் தெரியாத வளைவில் மறைந்து, கடைசியில் ஆஸ்பத்திரிப் படலையிலிருந்து மெலிந்த ஒலியாக வந்தது: ஒம்போது... ரெண்டு...

கான்ஸ்டபிள் சிங்களத்தில் அந்த நாலு எண்களையும் மெதுவாகச் சொன்னார். சார்ஜன்ட் அவரைப் பேசாதே என்று சைகை காட்டினார். மேலே நின்றவளின் பெயரைக் கேட்பார் என்று நான் பயந்தேன். கேட்கவில்லை.

கீழே வந்து வார்டுக்குள் போனார். பாக்கியத்தின் முகத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். வெளியே வந்து என்னிடம் சொன்னார்: “பின்னேரம் லொறியை அனுப்புங்கள், அவரைக் கூட்டிக்கொண்டு போகட்டும். நீங்கள் வர வேண்டாம். அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு தயவுசெய்து வர வேண்டாம்.”

வெயில் சாயும் நேரத்தில் ஐயா வந்து இறங்கினார். கழுத்துப் பொத்தான் இல்லை. கண்ணாடியின் ஒரு காது உடைந்து, நூலால் கட்டியிருந்தது. அங்கே என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. எந்த நாளும் சொன்னதில்லை. விறாந்தையில் கங்காணி, மாரியாயி, காலையில் குரல் கொடுத்த பெண்கள், கொட்டு வாங்கி மருந்து போட்டுக்கொண்டவர்கள் எல்லோரும் இருந்தார்கள். எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

“பாக்கியம் எப்பிடி?” என்றார்.

“கஞ்சி குடிச்சா, அய்யா. ஒரு கண்ணு கொஞ்சம் தொறந்திருக்கு” என்றார் மிசி.

“ராவைக்கு ஒரு குளிசை குடுக்கவேணும். எடுத்துக்கொண்டு வாறன்.”

எண்ணை மறுபடி மாற்றியிருக்கிறேன் என்று கிட்டப் போய் அவர் காதில் புதிய எண்ணைச் சொன்னேன். “நல்லது தம்பி” என்றார். கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. அதுதான் என்னை உலுக்கியது.

மருந்தறைக் கதவுக்கு முன்னால் போய் நின்று கையை நீட்டினார். கை நடுங்கியது. அப்படியொரு நடுக்கத்தை அவரிடம் யாரும் பார்த்ததில்லை. தோட்டத்தில் பாதிப் பேருக்கு ஊசி போட்ட கை அது. ஒரு பொத்தானுக்குப் போன விரல் இன்னொன்றில் விழுந்தது. சிவப்பு. கையை இழுத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

‘நான் அடிக்கட்டுமா ஐயா’ என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் என் பக்கத்தில் சேலை சரசரத்தது.

மாரியாயி மலைப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அவளைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவள் திரும்பினாள். பிறகு கங்காணி, பிறகு மிசி. விறாந்தை முழுக்க ஒருவர் பின் ஒருவராக அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். வார்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவர்கள்கூடச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

ஒருவர் எண் அடிக்கும்போது வேறு பக்கம் பார்க்க வேண்டும் என்பது நம் தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற விதி. உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். அவர்களுக்கு அதை யாரும் சொன்னதில்லை. அவர்கள் பார்க்காமல் விட்டதும் அந்த எண்ணை அல்ல, அந்தக் கையை.

நானும் திரும்பிக்கொண்டேன். எதிரே மலை மங்கிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு பொத்தான் ஒலித்தது. நீண்ட இடைவெளி. இன்னொன்று. அவர் ஒரு கையால் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு அடிக்கிறார் என்று நினைக்கிறேன். நான் பார்க்கவில்லை. மூன்றாவது. நாலாவது.

பூட்டு விலகுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகும் நாங்கள் யாரும் உடனே திரும்பவில்லை.